பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், உள்ளூர் டிக்கெட் கிடைக்குமா?

2024 ஜூனில் ஜப்பானின் ஹிமெஜி நகர மேயர் ஒரு யோசனையைச் சொன்னார். அந்நகரத்துக் கோட்டை 1993-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அப்போது நுழைவுக் கட்டணம் பெரியவர்கள் எல்லோருக்கும் 1,000 யென். இதை மாற்றி, வெளிநாட்டுப் பயணிகளிடம் 30 டாலர் அளவுக்கும் உள்ளூர் மக்களிடம் 5 டாலர் அளவுக்கும் வாங்கலாமே என்றார். சொல்வது சுலபம். ஆனால் ஜப்பானில் அந்த ஆண்டு முடிவில் சுமார் 37.7 லட்சம் வெளிநாட்டவர் முறையாகப் பதிவு செய்து வசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வேலை, அங்கேயே வரி, பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். இவர்கள் கோட்டை வாசலில் வந்து நின்றால் எந்த டிக்கெட் கொடுப்பது? முகத்தைப் பார்த்தா முடிவு செய்வது?

கடைசியில் நகராட்சி வேறு வழியில் போனது. 2026 மார்ச் 1 முதல் ஹிமெஜி நகரவாசிகளுக்கு 1,000 யென், மற்ற எல்லோருக்கும் 2,500 யென், 18 வயதுக்குக் கீழே இலவசம் என்று தீர்மானித்தார்கள். வெளிநாட்டவர் என்ற சொல்லே கட்டணப் பட்டியலில் இல்லை. டோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியர் 2,500 கொடுக்க வேண்டும். ஹிமெஜியில் வீடு எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் நேபாளி முகவரிச் சான்றைக் காட்டிவிட்டு 1,000 யென்னில் உள்ளே போகலாம்.

உலகம் முழுக்க இந்தத் தகராறு உண்டு. சுற்றுலா இடங்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு ஒரு விலை என்று வைத்தவுடன் இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொள்கிறது. பாஸ்போர்ட் வேறு நாடு, வாழ்க்கை இந்த நாடு. விலைப் பலகை எழுதியவர்கள் பெரும்பாலும் இவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால் இவர்களுக்கு என்ன விலை என்பது பல இடங்களில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

இரட்டைக் கட்டணம் ஏன் வருகிறது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் எளிது. ஆறாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவர், டிக்கெட் கொஞ்சம் அதிகம் என்பதற்காக வாசலிலிருந்து திரும்பிப் போக மாட்டார். விமானத்துக்கும் ஓட்டலுக்கும் கொட்டியதில் இது ஒரு துளி. பக்கத்து ஊர்க் குடும்பம் ஐந்து பேராக வந்தால் கணக்குப் பார்க்கும், அதிகமென்றால் வராது. ஆகவே கொடுக்கக்கூடியவரிடம் கூட்டி வாங்கி, மற்றவருக்குக் குறைத்துக் கொடு. கடைக்காரர் யோசிக்கும் அதே கணக்குதான்.

அரசு நடத்தும் இடங்கள் ஆனால் இப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. மூன்று நியாயங்களைச் சொல்கின்றன. உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில்தான் பராமரிப்பு நடக்கிறது, அவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. உள்ளூர்ச் சம்பளம் குறைவு என்பது இன்னொன்று. இது எங்கள் முன்னோர் கட்டியது, எங்கள் சொத்து, சொந்த வீட்டுக்குள் போக நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு நியாயமும் ஒவ்வொரு இடத்தில் கோடு கிழிக்கிறது. வரிதான் காரணம் என்றால் அங்கே வேலை பார்த்து வரி கட்டும் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரர்தான். வருமானம்தான் காரணம் என்றால் கட்டட வேலைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளிக்குத்தான் சலுகை முதலில் போக வேண்டும். அந்நாட்டுக் கோடீஸ்வரருக்கு எதற்கு? முன்னோர் சொத்து என்றால் மட்டுமே பாஸ்போர்ட்டைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எந்த நிர்வாகமும் இது எங்கள் காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அதில் நிற்பதில்லை. வரியைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதைத் தெளிவாகத் தீர்த்து வைத்த இடங்களும் இருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கா இதில் பழம் தின்று கொட்டை போட்டது. கென்யாவின் வனவிலங்குத் துறைக் கட்டணப் பட்டியலில் குடிமக்கள், நாட்டில் வசிப்பவர்கள், வசிக்காதவர்கள் என்று பிரித்தே போட்டிருப்பார்கள். 'ரெசிடென்ட் ரேட்' என்பது நைரோபியில் சாதாரணப் பேச்சு. சஃபாரி விடுதிகள்கூட அந்தப் பெயரிலேயே விலை சொல்லும். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் அந்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கு, பயணியின் கட்டணத்தில் பாதி. உகாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கும் அனுமதிக்கு 2024 ஜூலை முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்கு 800 டாலர், அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு 700 டாலர், கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு 3 லட்சம் உகாண்டா ஷில்லிங். அது ஏறத்தாழ 80 டாலர்தான். வசிப்பவர் என்று தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அந்த இடம் யார் பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்த மூன்று எண்களும் காட்டிவிடுகின்றன.

எக்வடோரின் கலாபகோஸ் தீவுகளில் இதற்கு நேர்மாறு. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்கு 200 டாலர், எக்வடோர்க் குடிமக்களுக்கு 30 டாலர், எக்வடோரில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அதே 30 டாலர். ஜோர்டானின் பெத்ராவில் இடைவெளி இன்னும் பெரியது. நாட்டில் இரவு தங்கும் பயணிக்கு ஒரு நாள் டிக்கெட் 50 தினார், தங்காமல் வந்து போகிறவருக்கு 90. ஜோர்டானியருக்கு 1 தினார், வதிவிட அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கும் 1 தினார். சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தால் 49 தினார் மிச்சம். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

சிங்கப்பூரில் ஒரே ஊருக்குள் இரண்டு அளவுகோல். கார்டன்ஸ் பை த பே பூங்காவின் உள்ளூர்க் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமல்ல, வேலை அனுமதி அட்டை, மாணவர் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. தேசிய அருங்காட்சியகங்களில் 2013 மே முதல் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பூங்காவில் உள்ளூர்க்காரராக இருந்த அதே கட்டுமானத் தொழிலாளி, அருங்காட்சியக வாசலில் வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார்.

இனி தாய்லாந்து. இந்த விஷயத்தில் அதிகச் சத்தம் எழுவது அங்கேதான். காவ் யாய் தேசியப் பூங்காவில் தாய்லாந்துக்காரருக்கு 40 பாட், வெளிநாட்டவருக்கு 400 பாட், அதாவது பத்து மடங்கு. பாங்காக் அரண்மனை வளாகத்தில் தாய் மக்களுக்கு இலவசம், வெளிநாட்டவருக்கு 500 பாட். பல இடங்களில் பலகையைக் கவனித்தால் ஒரு தந்திரம் தெரியும். வெளிநாட்டவர் விலை 400 என்று நாம் எழுதும் எண்ணில் இருக்கும். உள்ளூர் விலை தாய் எழுத்தில், தாய் எண்ணில் இருக்கும். தாய் எண்கள் நம் பழைய தமிழ் எண்களைப் போல வடிவத்திலேயே வேறு. படிக்கத் தெரியாதவருக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது என்பதே தெரியாது. படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் யார்? அங்கேயே வசிப்பவர்கள்தான். அதாவது மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு, கோபப்படக்கூடிய ஆளுக்கு மட்டும் கண்ணில் படுகிறது.

அவர் கவுன்டருக்குப் போகிறார். தாய் மொழியில் பேசுகிறார், ஓட்டுநர் உரிமத்தை நீட்டுகிறார். சில இடங்களில், குறிப்பாகத் தனியார் பூங்காக்களில், அதுவே போதும். சிரித்துக்கொண்டே உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். சில இடங்களில் வேலை அனுமதி இருக்கிறதா என்பார்கள். ஓய்வுபெற்று அங்கே குடியேறியவரிடம் அது இருக்காது. அவருடைய விசாவே வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அப்புறம் இளஞ்சிவப்பு அட்டை என்று ஒன்று உண்டு. தாய் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் அடையாள அட்டை அது, 13 இலக்க எண்ணோடு வரும். முகவரியை மஞ்சள் நிற வீட்டுப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு, மாவட்ட அலுவலகத்தில் சாட்சிகளோடு உட்கார்ந்து வாங்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வாங்கி வந்து நீட்டினால் ஒரு கவுன்டரில் செல்லும், அடுத்த கவுன்டரில் 'தாய் குடிமக்கள் மட்டும்' என்பார்கள். போன மாதம் விட்ட அதே வாசலில் இந்த மாதம் விடாமலும் போகலாம்.

இதில் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. இதே இளஞ்சிவப்பு அட்டை மியான்மர், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்து பதிவு செய்துகொண்ட தொழிலாளர்களுக்கும் கொடுக்கப்பட்டது. மீன்பிடிப் படகிலும் கட்டடத்திலும் வேலை பார்ப்பவர்கள். இணையத்தில் இரட்டை விலையைத் திட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய ஓய்வூதியக்காரர்களும் நல்ல சம்பளக்காரர்களும். அவர்களுக்கு 360 பாட் வித்தியாசம் மானப் பிரச்சினை, பணப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் கூலியே அந்த அளவில் இருக்கும் தொழிலாளி சண்டை போடுவதில்லை. அவர் பூங்காவுக்கு வருவதே இல்லை. இல்லாவிட்டால் உள்ளூர்க்காரரைப் போன்ற முகத்தோடு வாயைத் திறக்காமல் உள்ளே போய்விடுகிறார். முகத்தைப் பார்த்து விலை சொல்லும் முறை அங்கே பிறந்து வளர்ந்த கலப்பினப் பிள்ளையை நிறுத்தி விசாரிக்கிறது, பக்கத்து நாட்டுச் சுற்றுலாப் பயணியைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. இரண்டும் தவறான விலைதான்.

இந்தியாவின் பட்டியலும் இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம். தாஜ்மஹாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100, சார்க், பிம்ஸ்டெக் (தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டுக் குடிமக்களுக்கு 540. கல்லறை மண்டபத்துக்குள் போக எல்லோருக்கும் தனியாக 200. எல்லாப் பிரிவும் குடியுரிமையை வைத்துத்தான். 'இங்கே வசிப்பவர்' என்று ஒரு பிரிவு கிடையாது. பிம்ஸ்டெக்கில் தாய்லாந்தும் உறுப்பினர் என்பதால் தாய் பயணி பாதி விலையில் தாஜ்மஹாலைப் பார்க்கலாம். இந்தியப் பயணி காவ் யாயில் பத்து மடங்கு கொடுக்க வேண்டும். வேடிக்கைதான். இன்னொன்று: இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்காக்கள், நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகங்களில் இந்தியருக்குச் சமமான கட்டணம் என்று உள்துறை அமைச்சகத்தின் 2021 அறிவிக்கை சொல்கிறது. டொராண்டோவில் பிறந்து, வாழ்நாளில் இரண்டு முறை வந்துபோனவருக்கு 50 ரூபாய். இங்கே குடியேறி வரி கட்டும் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வம்சமா வாழ்விடமா என்றால் இந்தியா வம்சத்தின் பக்கம் நிற்கிறது. முன்னோர் சொத்து என்ற நியாயத்துக்கு அது பொருந்தும். வரிப்பணம் என்ற நியாயத்துக்குப் பொருந்தாது.

'நான் இங்கே வரி கட்டுகிறேன்' என்பதுதான் வசிப்பவர்களின் பிரம்மாஸ்திரம். அந்த வாதத்தை ஒரு நீதிமன்றம் உண்மையிலேயே எடுத்து ஆராய்ந்திருக்கிறது, முடிவு கொஞ்சம் எதிர்பாராதது. ஸ்பெயினில் ஒரு காலத்தில் அரசு அருங்காட்சியகங்கள் ஸ்பானியருக்கும், ஸ்பெயினில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும், 21 வயதுக்குட்பட்ட ஐரோப்பியச் சமூக (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) நாட்டவருக்கும் இலவசம். மற்ற உறுப்பு நாட்டுப் பயணிகள் காசு கொடுக்க வேண்டும். வசிப்பவர்களின் கண்ணில் இது சிறந்த ஏற்பாடு. 1994 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அப்புறம் இத்தாலி. வெனிஸின் டோஜே அரண்மனை முதலிய இடங்களில் 60, 65 வயது தாண்டிய இத்தாலியருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் மட்டும் சலுகை இருந்தது. எங்கள் மக்கள் வரியின் மூலம் ஏற்கெனவே செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று இத்தாலி வாதாடியது. 2003 ஜனவரியில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவர் கட்டும் வரிக்கும் அவருக்குக் கிடைக்கும் டிக்கெட் சலுகைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை என்றது. பாகுபாடு பாஸ்போர்ட்டை வைத்தாலும் முகவரியை வைத்தாலும், அடிபடுவது பெரும்பாலும் அயல்நாட்டவர்தான் என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஐரோப்பியருக்குள் மட்டும். அதனால்தான் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தால் 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் அதன் சில அண்டை நாடுகளும்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு 22 யூரோவை 32 யூரோவாக உயர்த்த முடிந்தது. ஏழை நாடுகளின் பழக்கம் என்று பேசப்பட்டுவந்த இரட்டைக் கட்டணம் இப்போது பணக்கார நாடுகளிலும் உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்காவும் 2026 தொடக்கத்தில் சேர்ந்துகொண்டது. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுப் பாஸ் அந்நாட்டில் வசிப்பவருக்கு 80 டாலர், வசிக்காதவருக்கு 250. கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில் அந்தப் பாஸ் இல்லாத, அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமம், நிரந்தர வதிவிட அட்டை போன்ற படம் ஒட்டிய அரசு அட்டையைக் காட்டினால் உள்ளூர் விலை. விசாவில் வேலை பார்ப்பவரும் ஓட்டுநர் உரிமத்தால் தப்பிக்கிறார். அவரைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா தப்ப முடியாது.

இந்த அப்பா அம்மா விஷயத்தில் தனியார் முதலாளிகள் அரசுகளைவிடச் சாமர்த்தியம். ஒரு ஊரில் வசிக்கும் வெளிநாட்டவர் சுற்றுலா இடத்துக்கு ஒரு முறை மட்டும் வருவதில்லை. சொந்தபந்தம் வரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் தன் டிக்கெட்டுக்கே பத்து மடங்கு என்றால், விருந்தாளிகளை வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விடுவார். 2025 ஜூலையில் ஒகினாவாவில் திறந்த ஜங்கிலியா பொழுதுபோக்குப் பூங்கா, பெரியவர் டிக்கெட்டை ஜப்பானில் வசிப்பவர்கள் எல்லோருக்கும் 6,930 யென், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 8,800 யென் என்று வைத்தது. உள்நாட்டு விலைக்குத் தகுதி ஜப்பானில் வசிப்பது, பாஸ்போர்ட் இல்லை. இரண்டு விலைக்கும் இடைவெளியும் சிறியது. இடைவெளி சிறியதாக இருந்தால் வாசலில் யாரும் வாக்குவாதம் செய்ய மெனக்கெட மாட்டார்கள்.

டிக்கெட் விற்பனை இணையத்துக்குப் போனதில் பிரச்சினை புது வேஷம் போட்டிருக்கிறது. கவுன்டரில் ஆளிடம் பேசிப் பார்க்கலாம். இணையப் படிவத்திடம் என்ன பேசுவது? அடையாள எண் என்ற கட்டத்தில் குடிமக்களின் எண் வடிவம் மட்டும்தான் ஏறும். வெளிநாட்டவரின் வதிவிட அட்டை எண்ணுக்கு வேறு வடிவம் என்பதால் சிவப்பு எழுத்தில் 'தவறான எண்' என்று வரும். சட்டப்படி சலுகை இருக்கும், படிவம் விடாது. தைவான் இதை வேரிலேயே சரிசெய்தது. அங்கே குடிமக்களின் எண் ஒரு எழுத்தும் ஒன்பது இலக்கமும். வசிக்கும் வெளிநாட்டவருக்கு இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் இருந்தது. டிக்கெட் முன்பதிவு முதல் பல சேவைகளில் அந்த எண் நிராகரிக்கப்பட்டது. 2021 ஜனவரி 2 முதல் வெளிநாட்டவருக்கும் ஒரு எழுத்து, ஒன்பது இலக்கம் என்று மாற்றிவிட்டார்கள். சுற்றுலாக் கட்டண விதி எதையும் தொடவில்லை, எண்ணின் வடிவத்தை மட்டும் மாற்றினார்கள். நூறு சுற்றறிக்கைகள் செய்யாததை இது செய்திருக்கும்.

இரட்டைக் கட்டணம் உள்ள நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதல் வேலை விதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. பெத்ரா, கலாபகோஸ் போல எழுத்தில் இருந்தால் மூல அட்டையைக் கையில் வைத்திருங்கள்; போனில் உள்ள படத்தையும் நகலையும் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் இல்லாமல் கவுன்டர்க்காரரின் விருப்பமாக இருந்தால், அது சலுகைதான், உரிமையல்ல. குரலை உயர்த்தினால் கிடைக்கவிருந்ததும் போகும். பின்னால் வரிசையில் நிற்பவர் முன்னிலையில் விதியைப் பற்றி அவருக்குப் பாடம் எடுப்பதில் பயனில்லை. அந்த விலையை அவர் வைக்கவில்லை, தவறான டிக்கெட்டைக் கொடுத்தால் கணக்கில் மாட்டப்போவது அவர்தான். புகாரை நிர்வாகத்துக்கு எழுதுங்கள். எழுதும்போது 'நான் வரி கட்டுகிறேன்' என்பதோடு நிறுத்தாமல், எந்த அட்டையை ஏற்பீர்கள் என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விலையைக் குறைக்கச் சொன்னால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள். பலகையில் ஒரு வரி சேர்ப்பதற்கு அந்தச் சாக்கைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.